மூன்று எழுத்தும் ஒரு கடிகாரமும்

தமிழ்நாட்டில் மனிதர்களுக்கு இனிஷியல் உண்டு. ஊர்களுக்கு இனிஷியல் இருப்பது அபூர்வம். அரியலூர் ஜில்லாவில், கொள்ளிடத்தின் வடகரைச் சீமையிலுள்ள தா.பழூருக்கு அந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது. வெறுமே பழூர் என்று சொன்னால் திருச்சிராப்பள்ளிக்குப் பக்கத்திலுள்ள பழூரோ என்று கேட்பவர் கேட்பார் அல்லவா? ஆகையால் மனிதரைப் போலவே ஊரும் தன் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சூட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்த ஊர் ஓர் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை ஸ்தானம். வடக்கே போனால் ஜெயங்கொண்டம். தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம். ஆனால் ரயில் என்பது இவ்வட்டாரத்தில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றால் ஒன்று அரியலூருக்குப் போக வேண்டும், அல்லது ஆற்றைத் தாண்டிக் கும்பகோணத்துக்குப் போக வேண்டும். ஆகவே ஆஸ்பத்திரியா, கோர்ட்டா, காலேஜா, கல்யாணத்துக்கு ஜவுளி எடுப்பதா, எதற்கும் பஸ்தான் கதி. ஸ்ரீபுரந்தான், சுத்தமல்லி, காரைக்குறிச்சி, கோடாலிகருப்பூர் முதலிய சுற்றுப்புற கிராமங்களின் ஜனங்களுக்கும் இதே நிலைமைதான். பஸ் வந்தால் உலகம் உண்டு. வராவிட்டால் வீடு உண்டு, வாசல் உண்டு, அவ்வளவே.

இப்படிப்பட்ட ஊரின் கடைத்தெருவில் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்களிடையே அடிக்கடி ஒரு விவாதம் எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். பெரியவர் ஒருவர் ஆரம்பிப்பார்: "தம்பி, அந்தக் காலத்துக் கம்பெனி பஸ் போல வருமா? அது வந்ததைப் பார்த்துத்தான் நாங்கள் மணி சொல்லுவோம்." உடனே பக்கத்தில் நிற்கும் இளைஞர், "ஐயா, அந்தக் கம்பெனி பஸ் உங்கள் கிராமத்துக்குள் எத்தனை நாள் வந்தது? ரோட்டோரத்தில் உங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டதே!" என்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதால் விவாதம் முடிவதில்லை. பஸ் வந்து முடித்துவைத்தால்தான் உண்டு.

இந்த வழக்கை நாம் இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். தீர்ப்புச் சொல்வதற்கு முன் சாட்சியை விசாரிக்க வேண்டும். தமிழ்நாட்டில் குடும்பமாக இருந்து பஸ் நடத்தியவர்களுள் மிகவும் பெயர் பெற்றவர் எவரோ அவருடைய சரித்திரமே நல்ல சாட்சி. அந்தக் கம்பெனிக்கும் நம் தா.பழூரைப் போலவே பெயரைவிட இனிஷியல் பிரசித்தம். டி.வி.எஸ். என்ற மூன்று எழுத்தைத்தான் சொல்லுகிறோம்.

கடலில் தோற்றது, தரையில் தொடங்கியது

டி.வி.எஸ். என்பதிலுள்ள முதல் எழுத்து திருக்குறுங்குடியைக் குறிக்கும். திருநெல்வேலிச் சீமையில், மலையடிவாரத்தில், நம்பி கோயில் கொண்டிருக்கும் வைஷ்ணவ திவ்ய க்ஷேத்திரம் அது. அங்கே 1877-ஆம் வருஷம் பிறந்தவர் சுந்தரம் அய்யங்கார். வக்கீல் தொழிலில் ஆரம்பித்து, பிறகு ரயில்வேயிலும் பாங்கியிலும் உத்தியோகம் பார்த்தவர். அந்நாளில் படித்த வாலிபனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். ஆயினும் அவர் உத்தியோகத்தை விட்டார். 1911-இல் மதுரையில் தம் பெயரால் ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார். 1912-இல் பஸ் விட்டார்.

இந்த வருஷங்களைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அதே திருநெல்வேலிச் சீமையில், ஓட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த இன்னொரு வக்கீல், 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வ.உ. சிதம்பரம் பிள்ளையின் சரித்திரத்தை நம் வாசகர்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பங்கு சேர்த்துக் கப்பல் வாங்கினார்; வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டது; சர்க்கார் 1908-இல் அவரைச் சிறையில் தள்ளியது. அவர் சிறையில் இருக்கும்போதே, 1911-இல் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டது. அவர் விடுதலையானது 1912 டிசம்பரில்.

கடலில் ஒரு தமிழரின் கம்பெனி மூழ்கிய அதே வருஷத்தில் தரையில் மற்றொரு தமிழரின் கம்பெனி முளைத்தது. அவர் சிறையை விட்டு வந்த வருஷத்தில் பஸ் ஓடத் தொடங்கியது. ஒன்றைப் பார்த்து மற்றொன்று பிறந்ததென்று நாம் சொல்லவில்லை. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விடுவதென்றால் ஏகாதிபத்தியத்தோடு நேருக்கு நேர் மோத வேண்டும். மதுரையிலிருந்து புழுதி ரோட்டில் பஸ் விடுவதற்கு மாட்டு வண்டியும் ஜட்காவும்தான் போட்டி. வெள்ளைக்காரர் ரயிலைத் தமக்கு வைத்துக்கொண்டார்கள். ரயில் போகாத ரோடுகளைப் பற்றி அவர்கள் அதிகமாகக் கவலைப்படவில்லை. அந்த இடைவெளியில் நம்மவர்கள் நுழைந்தார்கள்.

மதுரையில் மட்டுமா? கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஜி.டி. நாயுடு 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் யூனிவர்ஸல் மோட்டார் சர்வீஸ். பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் குடும்பத்தார் ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட்டை வளர்த்தார்கள். கும்பகோணத்தில் ராமன் அண்டு ராமன் என்ற கம்பெனி காவிரிப் படுகையின் ரோடுகளில் ஓடிற்று. தகப்பனார் கணக்குப் பார்க்க, மூத்த பிள்ளை ஒர்க்ஷாப்பில் நிற்க, இளையவன் பெர்மிட் விஷயமாக அலைய, இப்படிக் குடும்பம் குடும்பமாகத்தான் தமிழ்நாட்டில் பஸ் தொழில் வளர்ந்தது.

வண்டி சுதேசியா என்று கேட்டால், இல்லை. அடிச்சட்டமும் எஞ்சினும் பெரும்பாலும் கப்பலேறி வந்தவை. அதன்மேல் மரமும் தகரமும் கொண்டு கூண்டு கட்டியவர் நம் தச்சரும் கொல்லரும். நடத்தியவரும் நம்மவர். அக்காலத்துக்கு அந்த அளவு சுதேசியமே பெரிது.

நேரம் என்னும் சரக்கு

பஸ் தொழிலின் ஆரம்ப காலத்தில் ஒரே விதிதான் இருந்தது: பஸ் நிறைந்தால் புறப்படும். நிறையாவிட்டால் டிரைவர் டீ குடிப்பார். கிளீனர் ஊர் பெயரைக் கூவுவார். ஏறி உட்கார்ந்தவர்கள் வெயிலில் வேகுவார்கள். ஒரே ரோட்டில் இரண்டு முதலாளிகளின் வண்டிகள் ஓடினால் அடுத்த ஊர்ப் பிரயாணிகளைப் பிடிக்கப் பந்தயம் நடக்கும். கட்டணமும் கத்தரிக்காய் விலை போலத்தான். பேரம் பேசத் தெரிந்தவருக்கு ஒரு விலை, தெரியாதவருக்கு வேறு விலை.

இந்தச் சந்தையில் டி.வி.எஸ். பஸ்கள் பெயர் பெற்றது நேரந்தவறாமையால். குறித்த மணிக்குப் புறப்படும். குறித்த மணிக்குச் சேரும். மதுரைப் பக்கத்தில் அந்தப் பஸ்ஸைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டார்கள் என்று இன்றும் பேச்சு வழங்குகிறது. மாட்டு லாடங்களிலிருந்து ரோட்டில் உதிர்ந்து கிடக்கும் ஆணிகள் டயரைக் குத்தாமல் இருக்க, காந்தம் கட்டிய வண்டி ஒன்றை முன்னால் ஓட விட்டு ஆணிகளைப் பொறுக்கினார்கள் என்ற கதையையும் பழைய மனிதர்கள் ரசித்துச் சொல்லுவார்கள். இத்தகைய கதைகள் எல்லாக் கம்பெனிகளைப் பற்றியும் கிளம்புவதில்லை. பெயர் முதலில் வர வேண்டும். கதை அதன் பின்னால் வரும்.

பாதி காலியாக இருக்கும் வண்டியைக் குறித்த நேரத்தில் கிளப்புவது அன்றைய கணக்கில் நஷ்டம். பெட்ரோல் அதேதான், டயர் தேய்வதும் அதேதான், கலெக்ஷன்தான் பாதி. ஆனால் அந்த வண்டி நிச்சயமாகப் புறப்படும் என்று நாலு ஊரில் தெரிந்துவிட்டால், நாளைக்கு நாலு பேர் அதை நம்பி வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். மறுநாள் எட்டுப் பேர். பஸ் முதலாளி விற்பது இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அவர் உண்மையில் விற்பது நம்பிக்கை. இடம் விற்காமல் போகலாம். நம்பிக்கை ஒருமுறை விற்றுப்போனால் திரும்ப வாங்க முடியாது. குடும்பக் கம்பெனிக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருப்பது தகப்பனார் பெயர். வண்டி வழியில் நின்றால் சந்தியில் நிற்பது அந்தப் பெயர்தான்.

1939-இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. ரோட்டுக்கு ரோடு பெர்மிட், வண்டிக்கு வண்டி நேர அட்டவணை, அவற்றைக் கொடுப்பதற்கு அதிகாரிகளின் சபை என்று ஏற்பாடுகள் நடந்தன. பந்தயம் ஓடுவது குறைந்தது. பெர்மிட்டுக்காகக் கோர்ட்டுக்கு ஓடுவது கூடிற்று. மேற்சொன்ன ராமன் அண்டு ராமன் கம்பெனிக்கும் சென்னை ராஜ்ய சர்க்காருக்கும் நடந்த பெர்மிட் வழக்குகள் 1956-இலும் 1959-இலும் சுப்ரீம் கோர்ட்டு வரையில் சென்று, இன்றும் சட்டப் புஸ்தகங்களில் எடுத்துக்காட்டப்படுகின்றன. ஒரு பஸ் ஓடும் உரிமை எவ்வளவு விலை மதிப்புள்ளது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

கரியில் ஓடிய வண்டி

இரண்டாவது உலக யுத்தம் வந்தபோது பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. கூப்பனுக்குக் கிடைக்கும் பெட்ரோலில் வண்டி பாதித் தூரம்தான் போகும். அப்போது சுந்தரம் அய்யங்கார் செய்த காரியம் சரித்திரத்தில் இடம் பெறத் தக்கது. பெட்ரோலுக்குப் பதிலாக விறகுக் கரியின் ஆவியில் எஞ்சினை ஓட்டும் சாதனம் ஒன்றைத் தம் ஒர்க்ஷாப்பிலேயே உருவாக்கினார். டி.வி.எஸ். காஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர்.

அதன் தத்துவம் எளிது. பெரிய தகர உருளையில் கரியைப் போட்டு நெருப்பு மூட்டி, காற்றை அளவோடு மட்டும் உள்ளே விட வேண்டும். கரி முழுவதும் எரிந்து சாம்பலாகாமல் பாதி எரியும். அப்போது எரியக்கூடிய வாயு ஒன்று உண்டாகும். அதைக் குளிரச் செய்து, தூசி போக வடிகட்டி, எஞ்சினுக்குள் செலுத்தினால் வண்டி ஓடும். பெட்ரோலில் ஓடுவது போன்ற வேகமும் சக்தியும் இராது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும். சில சமயம் பிரயாணிகள் இறங்கி நடக்க வேண்டும், தள்ளவும் வேண்டும். கிளீனர் பையன் விடியுமுன் எழுந்து கரி உடைத்து நெருப்புப் போட்டு விசிறினால்தான் காலைப் பஸ் புறப்படும். எல்லோருடைய வேஷ்டியிலும் கரி. ஆயினும் பஸ் ஓடிற்று. வெளிநாட்டு எண்ணெய் நின்றுபோன காலத்தில் உள்நாட்டுக் கரி நம் ஜனங்களைச் சுமந்து சென்றது என்பதை நினைத்தால், கரி படிந்த அந்த வேஷ்டிகளுக்குத் தனிக் கௌரவம் உண்டாகிவிடுகிறது.

அந்தக் குடும்பத்தின் தேச சேவைக்கு வேறோர் அத்தியாயமும் உண்டு. சுந்தரம் அய்யங்காரின் குமாரத்தி சௌந்தரம் அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர். அக்காலத்து வழக்கப்படி மூலையில் உட்கார்ந்துவிடாமல், டில்லிக்குச் சென்று வைத்தியப் படிப்புப் படித்துத் தேறினார். 1940-இல், காந்தியடிகளின் ஆசியோடு, ஜி. ராமச்சந்திரனை மறுமணம் புரிந்துகொண்டார். தம்பதிகள் இருவரும் 1947-இல் திண்டுக்கல்லுக்குச் சமீபத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்கள். பஸ் முதலாளியின் மகள் கிராமத்துப் பிரசவங்களையும் குழந்தைகளையும் கவனிக்க மண் ரோட்டில் இறங்கியதை, தமிழ்நாட்டுப் பெண்மணிகள் மறக்கலாகாது.

கைமாறிய வண்டிகள்

சுந்தரம் அய்யங்கார் தாம் வளர்த்த தொழிலைத் தம் குமாரர்களிடம் ஒப்படைத்துவிட்டு, 1955-இல் கொடைக்கானலில் காலமானார். அப்போது ஸதர்ன் ரோட்வேஸ் என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அதற்கு முந்தின வருஷம், 1954-இல், குமாரர்களுள் ஒருவரான டி.எஸ். சந்தானம் சுந்தரம் பைனான்ஸ் கம்பெனியைத் தொடங்கியிருந்தார். கையில் முழுப் பணம் இல்லாதவரும் தவணையில் லாரி, பஸ் வாங்குவதற்கு அதனால் வழி பிறந்தது. தாம் பஸ் நடத்துவதோடு பிறரையும் பஸ் முதலாளியாக்குவது ஒரு தனி மனப்பான்மைதான்.

இனி நம் வழக்கின் மறுபக்கத்துக்கு வருவோம். சென்னை நகரத்தில் பஸ் போக்குவரத்தைச் சர்க்கார் 1947-48 வருஷங்களிலேயே தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஜில்லாக்களில் மட்டும் தனியார் ஓட்டி வந்தார்கள். 1971-இல் தமிழ்நாடு சர்க்கார் ஒரு சட்டம் செய்து, ஐம்பது பஸ்களுக்கு மேல் வைத்திருந்த பெரிய கம்பெனிகளின் வண்டிகளை எடுத்துக்கொள்ளத் தீர்மானித்தார்கள். 1972-இல் அது காரியமாயிற்று. மதுரையில் டி.வி.எஸ். பஸ்கள் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. பொள்ளாச்சி ஆனைமலை பஸ்கள் சேரன் ஆயின. கும்பகோணத்து ராமன் அண்டு ராமன் பஸ்கள் சோழன் ஆயின. மூவேந்தர்களும் மறுபடியும் தமிழ்நாட்டை ஆளத் தொடங்கினார்கள், கலெக்ஷன் பையோடு!

ஏன் எடுத்தார்கள்? கம்பெனிகள் கெட்டவை என்பதற்காக அல்ல. தனியார் முதலாளி எவ்வளவு நல்லவராயினும், நஷ்டம் வரும் ரோட்டில் வெகு நாள் வண்டி விடமாட்டார், விடவும் முடியாது. அவருக்குக் கடன் தவணை உண்டு, கூலி உண்டு, குடும்பம் உண்டு. கும்பகோணத்துக்கும் மாயவரத்துக்கும் நடுவே பஸ் விடுவதற்கு ஆயிரம் பேர் வருவார்கள். கொள்ளிடக்கரையில் முப்பது வீடுள்ள கிராமத்துக்குள் மண் ரோட்டில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போக யார் வருவார்கள்? கடைத்தெரு இளைஞர் பெரியவரிடம் கேட்ட கேள்வி இதுதான். சர்க்கார் பஸ் வந்த பிறகுதான், வருமானம் ஓடும் ரோட்டின் லாபத்தைக் கொண்டு வருமானமில்லாத ரோட்டின் நஷ்டத்தை ஈடு செய்வது என்ற ஏற்பாடு பெரிய அளவில் நடைமுறைக்கு வந்தது. எத்தனையோ கிராமங்கள் முதல் முதலாகப் பஸ்ஸைக் கண்டன.

தொழிலாளர் விஷயத்தையும் மறைக்கக்கூடாது. நேரந்தவறாமையை ஜனங்கள் மெச்சினார்கள். அந்த நேரத்தைக் காப்பாற்ற டிரைவரும் கண்டக்டரும் எத்தனை மணி உழைத்தார்கள் என்று கேட்டவர் குறைவு. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்ற வரம்பு மோட்டார் தொழிலாளர்களுக்கென்று 1961-இல் ஏற்பட்ட சட்டத்தினால்தான் வந்தது.

ஆனால் சர்க்கார் கைக்கு வந்த பிறகு நேர்ந்தவையும் உண்டு. கழகங்களுக்குத் தலைவர்கள், வீரர்கள் பெயரைச் சூட்டிக்கொண்டே போனார்கள். 1997-இல் அப்படிச் சூட்டிய ஒரு பெயரை முன்னிட்டு ஜாதிக் கலவரம் மூண்டு உயிர்கள் போயின. முடிவில் எல்லாக் கழகங்களின் பெயரையும் எடுத்துவிட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயரை வைத்தார்கள். பஸ்ஸில் எழுதியிருந்த பெயர் அதை நடத்துபவரின் மானமாக இருந்தது ஒரு காலம். அதே பெயர் சண்டைக்குக் காரணமானது வேறொரு காலம். பெயர் வைப்பதில் காட்டிய ஊக்கத்தில் பாதியை நேரம் வைப்பதில் காட்டியிருக்கலாகாதா என்று தோன்றுகிறது.

பஸ் போகாத வழியில்

வண்டிகளைக் கொடுத்துவிட்டு அந்தக் குடும்பங்கள் கை கட்டி உட்கார்ந்துவிடவில்லை. பொள்ளாச்சியார் சர்க்கரை ஆலை முதலிய தொழில்களை விரிவாக்கினார்கள். டி.வி.எஸ். குடும்பத்தார் ஏற்கெனவே 1960-62 வருஷங்களில், மோட்டாருக்கு வேண்டிய சக்கரம், மின்சாரக் கருவி, பிரேக் முதலியவற்றை இந்தியாவிலேயே செய்யும் ஆலைகளைத் தொடங்கியிருந்தார்கள். வெளிநாட்டு வண்டியை வாங்கி ஓட்டுவதில் ஆரம்பித்து, அதை ரிப்பேர் செய்து, அதன் உறுப்புகளைச் செய்து, கடைசியில் வண்டியையே செய்வது என்ற படிகளில் அவர்கள் ஏறினார்கள். சுதேசியம் ஒரு தலைமுறையில் முடியும் காரியம் அல்ல என்பதற்கு இது பாடம்.

1980-இல் ஓசூரிலிருந்து ஒரு சிறிய வண்டி வெளிவந்தது. டி.வி.எஸ். 50 என்று பெயர். பட்டணத்துக்காரர் அதைக் கண்டு சிரித்தாலும் கிராமத்தார் மதித்தார்கள். தா.பழூர்ச் சுற்றுப்புறத்தில் அந்த வண்டி சுமக்காத சரக்கு எது? புல்லுக்கட்டு, பால் கேன், உரமூட்டை, உழவனுடைய மனைவி, இரண்டு பிள்ளைகள், ஓர் ஆட்டுக்குட்டி! பஸ் ரோடு முடிகிற இடத்தில் அது ஆரம்பித்து, களத்துமேடு வரையில் போகிறது. 1972-இல் பஸ்ஸை இழந்த குடும்பம், எட்டு வருஷங்களுக்குப் பிறகு, பஸ் போகாத வழிக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. பெரியவரும் இளைஞரும் விவாதித்த கேள்விக்குக் காலம் அளித்த விசித்திரமான விடைகளில் இது ஒன்று.

நூறு வருஷங்களுக்கு மேல் கூடியிருந்த குடும்பம், 2022-இல் தொழில்களைத் தங்களுக்குள் முறையாகப் பிரித்துக்கொண்டது. நமது நாட்டில் ஒரு வேலி நிலத்துக்கு மூன்று தலைமுறை கோர்ட்டு ஏறும் பங்காளிகளை நாம் அறிவோம். பேசிப் பிரித்துக்கொள்வதும் ஒரு கலையே.

நமது தீர்ப்பு

இவ்வளவு சாட்சியங்களையும் வைத்துக்கொண்டு இனித் தீர்ப்புச் சொல்லலாம். பெரியவர் கேட்பது நேரம். இளைஞர் கேட்பது நியாயம். குடும்பக் கம்பெனி நேரத்தைக் கொடுத்தது, எல்லா ஊருக்கும் கொடுக்கவில்லை. சர்க்கார் எல்லா ஊருக்கும் பஸ்ஸைக் கொடுத்தார்கள், நேரத்தைக் கூடவே கொடுக்க மறந்தார்கள். ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டே ஆக வேண்டுமென்று எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை.

இதை நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவசப் பாஸ் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இது சிறிய உதவி அல்ல. மாதக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் கட்டணமில்லாத பஸ் எட்டரை மணிக்கு வர வேண்டியது ஒன்பதேகாலுக்கு வந்தால், அந்தப் பெண்ணுக்கு அரை நாள் கூலி போகிறது. பிள்ளைக்கு முதல் பாடம் போகிறது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் கொடுத்தாக வேண்டியிருக்கிறது.

மாலையில் நிலைமை இன்னும் கடினம். ஆசிரியர் தொழிலில் இருப்பதால் இதைச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. சாயங்காலம் விசேஷ வகுப்பு வைத்தால், கிராமத்துப் பெண் பிள்ளைகளின் கண் பாடத்தில் இராது, வாசலில் இருக்கும். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்பது நிச்சயமில்லை. நிச்சயமில்லாத பஸ்ஸுக்காகப் பெண்ணை இருட்டில் நிறுத்திவைக்க எந்தத் தாய் சம்மதிப்பாள்? இரண்டு தடவை நேரங்கழித்து வந்தால், "போதும் அம்மா உன் படிப்பு" என்று வீட்டில் ஒரு சொல் கிளம்புகிறது. ஒரு பஸ்ஸின் தாமதம் பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஒரு பெயரை அடித்துவிடக் கூடும்.

இப்போது கிராமங்களுக்கு மினி பஸ் விடும் ஏற்பாடு நடந்துவருகிறது. 1997-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தை 2025-இல் விரிவுபடுத்தியிருக்கிறார்கள். பெரிய பஸ் நுழையாத வழிகளில் தனியார் சிறு பஸ்கள் ஓடுகின்றன. அவற்றில் பலவும் குடும்ப முதலில் ஓடுபவையே. ஒரே ஒரு வண்டி, தவணைக் கடன், அண்ணன் டிரைவர், தம்பி கண்டக்டர் என்று தொடங்குகிறவர்களுக்கு 1912-ஆம் வருஷத்துச் சரித்திரம் பழங்கதை அல்ல. வண்டி நிறைகிறவரையில் காத்திருப்பவர் இன்றைய கலெக்ஷனைப் பெறுவார். குறித்த மணிக்குக் கிளம்புகிறவர் நாளைய கலெக்ஷனையும் சேர்த்துப் பெறுவார்.

சர்க்கார் கழகத்துக்கும் நாம் சொல்ல வேண்டியது பெரிய திட்டம் எதுவும் இல்லை. கோடி ரூபாயும் தேவையில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு பலகை. அதில் பஸ் போகும் ஊரும் மணியும் தமிழில், கொட்டை எழுத்தில். எழுதிய மணிக்கு வண்டி வர வேண்டும். வராவிட்டால், ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு ஒரு பொறுப்பாளர் இருக்க வேண்டும். கொள்ளிடக் கரையில் கடைசியாக உள்ள குக்கிராமத்துப் பலகைக்கும் மதுரைப் பலகைக்கும் ஒரே மரியாதை வேண்டும்.

பொதுஜனங்களாகிய நமக்கும் கடமை உண்டு. பலகையைப் பார்த்து வர வேண்டும். பலகையின்மேல் சினிமா நோட்டீஸ் ஒட்டாமல் இருக்க வேண்டும். தாமதமானால் டிரைவரையும் கண்டக்டரையும் திட்டுவதோடு நில்லாமல், டிப்போவுக்கு நாலு வரி எழுதிப் போட வேண்டும். நேரம் தவறுவதை விதி என்று எண்ணிப் பொறுத்துக்கொள்கிற ஊருக்கு நேரம் தவறாத பஸ் வராது.

சுயராஜ்யம் என்பது டில்லியில் கொடி பறப்பது மட்டும் அல்ல. காலை எட்டரை மணிக்கு வருவதாகச் சொன்ன வண்டி, தா.பழூருக்கு எட்டரை மணிக்கு வருவதும் சுயராஜ்யத்தில் சேர்ந்ததே.